இரண்டு புள்ளி மூன்று விநாடி

அன்டோஃபகாஸ்டாவில், துறைமுகத்துக்கு மேலே,
ஜன்னல் இல்லாத ஓர் அறையில்
நாற்பத்தொரு முகங்களோடு விழித்திருக்கிறேன்.
செம்புத் தகடுகளை ஏற்றிக்கொண்டு
பாலைவனத்திலிருந்து கடலுக்கு இறங்குகிறவர்களின்
முகங்கள்.

கண்ணாடிக்குக் கீழே கட்டைவிரல் அளவு கேமரா.
இமை கொஞ்சம் தாழ்ந்தால் இருக்கை அதிரும்.
என் திரையில் சிவப்பாய் ஒரு சதுரம் எழும்.
நான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

முதல் மாதம் எல்லாரும் திட்டினார்கள்.
எலெயுதெரியோ மாமானி
மென்றுகொண்டிருந்த சூயிங்கம்மை எடுத்து
லென்ஸ் மேல் ஒட்டினார்.
தப்பென்று சொல்ல மாட்டேன்.
அந்த எந்திரத்துக்குக் கண் என்றால் என்னவென்று
சொல்லிக்கொடுத்தவர்கள்
நாலாயிரம் மீட்டர் உயரத்து வெயிலுக்குச்
சுருங்கிச் சுருங்கியே பழகிய கண்ணைப்
பார்த்ததில்லை போலும்.
விழித்திருந்தவரைப் பார்த்துத்
தூங்குகிறாய், தூங்குகிறாய் என்றது,
ஒரே பகலில் பத்தொன்பது முறை.
"செனோரித்தா, இது என் முகம்.
கழற்றி வைத்துவிட்டா ஓட்டுவது?"

அதைத் திருத்த ஆறு வாரம் பிடித்தது.
ஆறு வாரமும் பொய்ச் சதுரங்களை
ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன்,
பருப்பில் கல் பொறுக்குகிறவளைப்போல.

பிறகு ஜூலையில் ஒரு நாள், விடியற்காலை நான்கு பத்து.
தலை சாயவில்லை. வாய் திறக்கவில்லை.
முகத்தில் இருந்தவர் மட்டும் எழுந்து போய்விட்டார்.
இரண்டு புள்ளி மூன்று விநாடி.
இருபத்தெட்டு டன் செம்பு
ஐம்பத்தொரு மீட்டர்
ஆளில்லாமல் போயிற்று.

இருக்கை அதிர்ந்தது.
ஹெட்லைட்டில் வளைவு.
வளைவில் பிளாஸ்டிக் காற்றாடிகள் சுழலும் ஆனிமித்தாக்கள்,
சாலையில் செத்தவர்களுக்குச்
சாலையோரமே கட்டித் தருகிற குட்டி வீடுகள்.
அங்கே ஏற்கெனவே மூன்று.

"எலெயுதெரியோ."
"எலெயுதெரியோ."
"இருக்கிறேன்" என்றார்,
வளைவு முடிந்து வெகுதூரம் போன பிறகு.

மறுநாள் தொப்பியைக் கையில் பிடித்தபடி
மாடியேறி வந்தார். போட்டுக் காட்டச் சொன்னார்.
தான் தூங்கும் முகத்தை
யார்தான் பார்த்திருக்கிறோம்?
"இதை என் மனைவி மட்டும்தான்..." என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டார்.
மறுபடி போடச் சொன்னார். மறுபடியும்.
நான்காவது முறை கேட்டார்:
"அதற்கு முந்தின ராத்திரி நான் எங்கே இருந்தேன்,
அதைக் காட்டுமா இது?"

காட்டாது.
மணிக்கு இருபது கிலோமீட்டருக்குக் கீழே
அது யாரையும் பார்ப்பதில்லை.

சுரங்க வாசலின் பதிவேட்டை நான் போய்ப் பார்த்தேன்.
ஏழு மணி நேரம் வரிசையில்.
இருபது நிமிடத்துக்கு ஒரு லாரி நீளம் நகர்ந்தபடி,
நிமிர்ந்து உட்கார்ந்தபடி.
பதிவேட்டில் அதற்குப் பெயர்: ஓய்வு.

ஏழு மாதச் சதுரங்களை
வரைபடத்தின் மேல் கொட்டினேன்.
அவை சாலை முழுக்கச் சிதறவில்லை.
வரிசையில் நின்று வந்தவர்கள் எல்லாரும்
அதே முப்பது கிலோமீட்டருக்குள்
கண் மூடியிருந்தார்கள்.

மேலாளர் அரிஸ்தீதெஸ் பார்த்துவிட்டுச் சொன்னார்,
"ஓட்டுநர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கலாம்."
நான் வாதாடவில்லை.
மாமானியிடம் கேட்டு வாங்கிய அனுமதியோடு
அந்த முகத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிப் போட்டேன்.
சத்தம் இல்லாமல்.
அந்த அறையில் அன்றைக்குத்தான்
இரண்டு புள்ளி மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று
எல்லாருக்கும் தெரிந்தது.

இப்போது வாசலில் டோக்கன் தருகிறார்கள்.
ஒரு கண்டெய்னருக்குள் கட்டில்கள் போட்டிருக்கிறார்கள்,
போர்வையோடு.
பன்னிரண்டு கட்டில்.

இன்றிரவு பதின்மூன்றாவதாக வந்தவர்
ப்ரூதென்சியோ சோக்கே.
மணி மூன்று ஐம்பது.
அவர் சதுரம் இன்னும் சிவக்கவில்லை.
பெயரை நாக்கில் வைத்துக்கொண்டு
காத்திருக்கிறேன்.